27 ஆயிரம் வாக்குக்கு ஒன்றுமில்லை, 18 ஆயிரத்துக்கு ஓர் இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “மாகாண சபைக்குக் கலப்புத் தேர்தல் முறை என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். பாதிப் பேர் தொகுதி வழியாக, மீதிப் பேர் பட்டியல் வழியாக. இப்படி ஒரு முறை உலகத்தில் எங்காவது ஒழுங்காக நடக்கிறதா?”

நடக்கிறது. அதைப் பார்க்க நல்ல இடம் ஸ்காட்லாந்தின் வடக்கு மூலை. பிரிட்டன் நாடாளுமன்றம் 1998இல் இயற்றிய சட்டத்தால் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் வந்தது. முதல் தேர்தல் 1999 மே மாதம். அதற்கு உறுப்பினர்களை அனுப்பும் எட்டு வட்டாரங்களில் ‘ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ்’ ஒன்று. பெயரே சொல்கிறது: மலையும் தீவுகளும். ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி இதற்குள் வந்துவிடும். ஆனால் ஜனங்கள் குறைவு. இன்வர்னஸை விட்டால் நகரம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை. ஷெட்லாந்து தீவின் தலைநகரான லெர்விக்குக்கு எடின்பரோவைவிட நார்வே நாட்டின் பெர்கன் நகரம் கிட்டம்.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 129 உறுப்பினர்கள். 73 பேர் தொகுதிகளிலிருந்து, 56 பேர் வட்டாரப் பட்டியலிலிருந்து (8 வட்டாரம், வட்டாரத்துக்கு 7). வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. இளம் ஊதா நிறச் சீட்டில் தொகுதி வேட்பாளருக்கு ஒரு குறி, பீச் பழ நிறச் சீட்டில் கட்சிக்கு ஒரு குறி. தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார், நம்மூர் சட்டமன்றத் தேர்தல் மாதிரியே. அதில் விளக்க ஒன்றுமில்லை.

ருசி இரண்டாவது சீட்டில்தான் இருக்கிறது. 2021 தேர்தலை எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் 8 தொகுதிகள். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 6, லிபரல் டெமாக்ரட் 2. கன்சர்வேடிவ், தொழிற்கட்சி, பசுமைக் கட்சி மூன்றுக்கும் பூஜ்யம். கட்சிச் சீட்டில் விழுந்த வாக்குகளோ வேறு கதை சொன்னன. தேசியக் கட்சிக்குச் சுமார் 96 ஆயிரம், கன்சர்வேடிவுக்கு 61 ஆயிரம், லிபரல் டெமாக்ரட்டுக்கு 27 ஆயிரம், தொழிற்கட்சிக்கு 23 ஆயிரம், பசுமைக் கட்சிக்கு 18 ஆயிரம். மற்றவர்கள் வெகு தூரம் பின்னால்.

இனி 7 பட்டியல் இடங்களைப் பிரிக்க வேண்டும். முடிவு இப்படி வந்தது: கன்சர்வேடிவுக்கு 4, தொழிற்கட்சிக்கு 1, பசுமைக் கட்சிக்கு 1, தேசியக் கட்சிக்கு 1. 27 ஆயிரம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு எதுவும் இல்லை; 18 ஆயிரம் வாங்கிய பசுமைக் கட்சிக்கு ஓர் இடம். 96 ஆயிரத்துக்கும் ஒன்றே ஒன்று. முதல் தடவை பார்க்கிறவர்கள் எங்கோ கூட்டல் பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

பிசகவில்லை. விதி ஒரே வரி. ஒவ்வொரு கட்சியின் பட்டியல் வாக்கையும் ‘அந்தக் கட்சி இதுவரை வென்ற இடங்கள் + 1’ என்ற எண்ணால் வகு; ஈவு யாருக்குப் பெரிதோ அவருக்கு ஓர் இடம்; திரும்பவும் வகு. அதில் ‘இதுவரை வென்ற இடங்கள்’ என்ற சொற்களில்தான் மொத்த சூட்சுமமும் ஒளிந்திருக்கிறது. தொகுதியில் வென்றவையும் அந்தக் கணக்கில் சேரும்.

நடத்திப் பார்க்கலாம். தேசியக் கட்சி ஏற்கெனவே 6 வென்றுவிட்டது, ஆகவே 96ஐ 7ஆல் வகுக்க வேண்டும்: 13.7 ஆயிரம். லிபரல் டெமாக்ரட் 2 வென்றதால் 27ஐ 3ஆல் வகுத்தால் 9 ஆயிரம். மற்ற மூவருக்கும் வகுக்கும் எண் 1, அதாவது வாக்கு அப்படியே நிற்கும். முதல் சுற்றில் 61 ஆயிரத்துடன் கன்சர்வேடிவ் முன்னால் நிற்கிறது, இடம் அதற்கு. அடுத்து அதன் ஈவு பாதியாகி 30.5 ஆகிறது, இன்னமும் அதுதான் பெரிது, இரண்டாவது இடமும் அதற்கே. மூன்றாவது சுற்றில் கன்சர்வேடிவின் ஈவு 20 ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட, 23 ஆயிரத்துடன் தொழிற்கட்சி முந்துகிறது. நான்காவது மறுபடி கன்சர்வேடிவ். ஐந்தாவது, 18 ஆயிரத்துடன் பசுமைக் கட்சி. ஆறாவது, 15 ஆயிரத்துச் சொச்சத்துடன் கன்சர்வேடிவின் நான்காவது இடம். ஏழாவது சுற்றில் கன்சர்வேடிவ் 12க்கு இறங்கிவிட்டது, தொழிற்கட்சி 11.5இல் நிற்கிறது. அதுவரை அசையாமல் நின்ற தேசியக் கட்சியின் 13.7 ஆயிரம் இப்போது எல்லோரையும்விடப் பெரிது. கடைசி இடம் அதற்கு.

இந்த வகுத்தலை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். சந்தையில் 15 இடங்கள் (8 தொகுதி, 7 பட்டியல்) விற்பனைக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே விலை. அரை இடம், முக்கால் இடம் கிடையாது. 15ம் மிச்சமில்லாமல் விற்றுத் தீர வேண்டும். என்ன விலை வைப்பது? ஓர் இடத்துக்கு 13 ஆயிரம் வாக்கு என்று வைத்துப் பாருங்கள். 96 ஆயிரம் வைத்திருப்பவர் 7 வாங்கலாம். 61 ஆயிரத்துக்கு 4. 27க்கு 2. 23க்கு 1. 18க்கு 1. கூட்டினால் சரியாக 15. தேசியக் கட்சி தன் ஏழில் ஆறைத் தொகுதியிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது, பாக்கி ஒன்று. லிபரல் டெமாக்ரட் தன் இரண்டையும் எடுத்தாகிவிட்டது, பாக்கி இல்லை. நாம் முறைத்துப் பார்த்த அந்த விசித்திரமான 4-1-1-1 வெறும் பாக்கித் தொகைதான். சுற்றுச் சுற்றாக வகுப்பது அந்த விலையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி, அவ்வளவே. இதை முதலில் உணரும்போது ஒரு சின்னக் கிறக்கம் வரும். எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, லிபரல் டெமாக்ரட்டின் அந்த இரண்டு தொகுதிகள் எவை? ஆர்க்னியும் ஷெட்லாந்தும். கிராமப்புற வட்டாரம் என்பதன் தனிக்கணக்கு இங்கேதான் வருகிறது. தொகுதிகளை மக்கள்தொகை பார்த்துச் சமமாக வெட்டினால் இரண்டு தீவுக்கூட்டங்களையும் சேர்த்தாலும் ஒரு தொகுதிக்குக் காணாது. மலைப்பகுதியின் வடமுனையோடு ஒட்டிவிட வேண்டியிருக்கும். லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தொகுதி. எடின்பரோவுக்கு மட்டும் 1998 சட்டமே ஆளுக்கொரு தொகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் வாக்காளர்கள் இருபதாயிரம்கூட இல்லை. மற்ற தொகுதிகளில் பெரும்பாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல். 2021இல் இந்த இரண்டு தீவுகளிலும் வென்ற இருவரின் தொகுதி வாக்குகளையும் கூட்டினால் சுமார் 13 ஆயிரம்தான். பெருநிலத்தில் அந்த வாக்கு ஒரு தொகுதியை வெல்லவே பத்தாது.

தீவுக்காரர்களுக்கு இது சலுகை, சந்தேகமில்லை. கப்பல் ஓடாத நாளில் அவர்கள் கஷ்டத்தைச் சபையில் சொல்ல ஆள் வேண்டும் என்பது நியாயமான காரணமும்கூட. ஆனால் அந்தச் சலுகையால் ஒரு கட்சிக்கு இலவச லாபம் போய்விடக் கூடாதே? போகவில்லை. பட்டியல் கணக்கு வந்து 3ஆல் வகுத்து நேர்செய்துவிட்டது. தீவுக்குத் தனிக் குரலும் கிடைத்தது, கட்சிகளின் பலமும் வாக்கு விகிதத்தை விட்டு விலகவில்லை. தொகுதி மட்டுமே உள்ள முறையில் இந்த இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்வது கடினம்.

இந்த வகுத்தல் பெல்ஜியத்தின் விக்டர் டோண்ட் என்ற சட்ட அறிஞர் 1878இல் விவரித்தது. அவருக்கும் முன்னால், 1792இல், அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சன் மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பங்கிட இதே கணக்கை வேறு வடிவில் சொல்லியிருந்தார். பின்னங்களை வெட்டிவிடுவதால் பெரிய கட்சிக்குக் கொஞ்சம் சாய்வான முறை இது. பட்டியல் வாக்கில் சுமார் 40 சதவீதம் வாங்கிய தேசியக் கட்சி 15இல் 7 பெற்றது அதனால்தான். ஆனாலும் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளையும் சரிபார்த்துவிடலாம். தேர்தல் வந்தால் ஜோசியரைக் கூட்டிவந்து உட்காரவைக்கும் நம் தொலைக்காட்சிகள் அந்த நேரத்தில் கால்மணியை இந்த மாதிரி வகுத்தலுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லா இடத்திலும் கணக்கு இவ்வளவு அழகாகத் தீராது. ஹைலண்ட்ஸில் 15க்கு 7 பட்டியல் இடம். 2021இல் மற்ற வட்டாரங்களில் தொகுதிகள் 9 அல்லது 10, நேர்செய்யும் கை அந்த அளவுக்கு வலுக்குறைவு. அந்தத் தேர்தலில் கிளாஸ்கோவின் 9 தொகுதிகளையும் தேசியக் கட்சியே அள்ளியது. பட்டியல் வாக்கில் பாதியைத் தொடாத கட்சிக்கு 16இல் 9 போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க வழியில்லை. பட்டியலில் பூஜ்யம் கொடுக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழே கொடுக்க முடியாது. நாடு முழுக்க 73இல் 62 தொகுதியை வென்ற அந்தக் கட்சிக்குச் சுமார் 11 லட்சம் பட்டியல் வாக்குகளுக்குக் கிடைத்தவை இரண்டே இடம்.

இதைப் பார்த்துக் கை அரிக்கத்தானே செய்யும்? “தொகுதியில் அவர்களுக்குப் போடுங்கள், பட்டியலில் எங்களுக்குப் போடுங்கள்” என்று தேசியக் கட்சியின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்டின் ஆல்பா கட்சி 2021இல் கேட்டது. ஒரே நோக்கமுள்ள இரண்டு கட்சிகள், ஒன்றின் தொகுதி வெற்றி இன்னொன்றின் கணக்கில் ஏறாது. வாக்காளர்கள் மசியவில்லை, ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2007இல் பெரிய கட்சிகளே இப்படிக் கூட்டாளிக் கட்சி வைத்து விளையாடின. பிறகு அந்த நாடு 2012 தேர்தலுக்கு இரண்டு சீட்டை ஒன்றாக்கிவிட்டது. இந்த முறையின் பலவீனமான மூட்டு எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இலங்கை வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொகுதியில் ஒரு கட்சி பங்குக்கு மேல் அள்ளிவிட்டால் ஸ்காட்லாந்து சபையின் அளவைக் கூட்டுவதில்லை. 129 என்றால் 129தான், நஷ்டம் மற்ற கட்சிகளுக்கு. 2018 இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரங்கள் (அங்கே சிறு தொகுதிகளுக்கு அந்தப் பெயர்) 60 சதவீதம், பட்டியல் 40 சதவீதம் என்று வைத்து, பங்குக்கு மேல் வென்ற கட்சிகளுக்காகச் சபையைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே கூட்டியிருந்த எண்ணிக்கையும் சேர, நாடெங்கும் உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது. மாகாண சபைகளுக்கு 2017இல் பாதிக்குப் பாதி என்று சட்டம் திருத்தினார்கள். தொகுதி எல்லை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது. அக்டோபரில் வட மாகாண சபையின் காலமும் முடிந்தது. ஸ்காட்லாந்தில் எல்லை மறுவரையறை தாமதமானால் பழைய எல்லையிலேயே தேர்தல் நடக்கும். எல்லைக்காகத் தேர்தலையே நிறுத்திவைப்பதை எந்தச் சூத்திரத்தாலும் சரிசெய்ய முடியாது.

பட்டியலில் எனக்குப் பிடிக்காத பகுதியும் உண்டு. பெயர் வரிசையைக் கட்சியே எழுதுகிறது, வாக்காளர் மாற்ற முடியாது. தொகுதி உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல். 2019இல் ஷெட்லாந்தில் நடந்தது. பட்டியல் உறுப்பினர் விலகினால் வரிசையில் அடுத்த பெயர் உள்ளே போய்விடும்; 2024இல் டொனால்ட் கேமரன் விலகியபோது டிம் ஈகிள் அப்படித்தான் வந்தார். இடம் கட்சியுடையது போலத் தோன்றும், ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. 2011இல் தேசியக் கட்சிப் பட்டியலில் இங்கே வென்ற ஜான் ஃபின்னியும் ஜீன் அர்க்கார்ட்டும் நேட்டோ விஷயத்தில் முரண்பட்டு அடுத்த ஆண்டே கட்சியை விட்டார்கள், பதவி போகவில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது. ஃபின்னி 2016இல் பசுமைக் கட்சிப் பட்டியலில் திரும்பவும் அதே வட்டாரத்திலிருந்து வந்தார்.

வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: அவருடைய தங்கை மகள் படிப்புக்காக இன்வர்னஸில் இருக்கிறாளாம், அவளுக்கு வாக்கு உண்டா? உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியுடன் அங்கே குடியிருந்தால் ஆரம்பத்திலிருந்தே வாக்களிக்கலாம். 2020 சட்டத்துக்குப் பிறகு மற்ற நாட்டவருக்கும் அந்த உரிமை வந்துவிட்டது. வயது 16 ஆகியிருந்தால் போதும், இலங்கைக் கடவுச்சீட்டை மாற்ற வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரை மட்டும் முன்கூட்டியே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.