பக்கத்து நிலத்தில் கட்டடம் வருகிறதா? பினாங்கில் குடியிருப்பாளர் சங்கமும் உங்கள் ஆட்சேப உரிமையும்

தாமானை, அதாவது நம் வீடமைப்புப் பகுதியை, ஒட்டிய காலி நிலத்தில் தகரவேலி எழும்பியதும் எல்லாரும் தேடுவது குடியிருப்பாளர் சங்கத் தலைவரைத்தான். "எப்படியாவது நிறுத்துங்க தலைவரே" என்பார்கள். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அது மட்டுமில்லை, வேலி எழும்பிய நேரத்தில் பெரும்பாலும் அனுமதி கொடுத்து முடிந்திருக்கும். நாம் பேச வேண்டிய காலம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வந்து போயிருக்கும். அந்தக் காலம் எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது, அப்போது சங்கம் என்ன செய்யலாம் என்பதை நம்மவர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு பின்னணி. மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, அதை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு அரசு மறுபடியும் தேர்தல் நடத்த 2012-ல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திலும் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் மாநில அரசு நியமித்தவர்கள். சட்டப்படி ஒரு மன்றத்துக்கு 24 பேர் வரை இருக்கலாம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாத மன்றம் நம் தெருவைப் பற்றி முடிவு செய்கிறது என்பதால்தான், தெருவில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் குழுக்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

அந்தக் குழுக்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. ருக்குன் தெத்தாங்கா எனப்படும் அக்கம்பக்கத்தார் குழு 1975-ல் தொடங்கியது. கோலாலம்பூரின் கம்போங் காசிப்பிள்ளையில்தான் அதற்குத் தொடக்க விழா நடந்தது. இப்போது அது 2012-ஆம் ஆண்டின் சட்டம் 751-க்கு உட்பட்டு, ஒற்றுமைத் துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. ரோந்து, அக்கம்பக்கத்து உறவு, சின்னச் சின்ன சச்சரவுகளைப் பேசித் தீர்ப்பது இவை அதன் வேலை. எம்பிகேகே என்று நாம் சொல்லும் கிராம சமூக நிர்வாக மன்றம் மாநில அரசு நியமிப்பது. பினாங்கில் பட்டணத்துப் பகுதிகளுக்கும் உண்டு. குடியிருப்பாளர் சங்கம் நாமே தொடங்குவது. ஏழு பேர் சேர்ந்தால் 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு, வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் அடங்கிய நிர்வாகக் கழகம் இருக்கும்; அதன் குழுவை அவர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அது சட்டம் 757-ன் கீழ் வருவது.

கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, குப்பை, சாலைக் குழி போன்றவற்றுக்கு இவர்களில் யாரிடம் சொன்னாலும் விஷயம் போய்ச் சேரும். எந்தச் சாலை மாநகர் மன்றத்துடையது, எது பொதுப்பணி இலாகாவுடையது என்று தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, புகார் எண்ணை வாங்கிவைத்துக்கொண்டால் போதும்.

நிலம், கட்டடம் என்று வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. பினாங்கில் எந்த மேம்பாட்டுக்கும் 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அதாவது சட்டம் 172-ன் படி, 'கெபெனாரான் மெராஞ்சாங்' எனப்படும் திட்டமிடல் அனுமதி வேண்டும். புதுக் கட்டடத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குடியிருக்கும் வீட்டைக் கார் பட்டறையாகவோ பாலர் பள்ளியாகவோ முதியோர் இல்லமாகவோ மாற்றுவதும் சட்டத்தின் பார்வையில் மேம்பாடுதான்.

இந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் ஆறாவது உட்பிரிவு நமக்கு மிக முக்கியம். எந்த நிலம் எதற்கு என்று வரையறுக்கும் உள்ளூர்த் திட்டம் ஒரு பகுதிக்கு அரசிதழில் வெளியாகவில்லையென்றால், அங்கே அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்ததும், மன்றம் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். யார் அக்கம்பக்கம் என்பதையும் சட்டமே சொல்கிறது. அந்த நிலத்தை ஒட்டிய நிலம் ஒன்று. இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ இருந்து, அது இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் என்ற நிலம் இன்னொன்று. அந்த நிலத்துக்குப் போகும் வழி முட்டுச்சாலையாக இருந்து, அதையே நீங்களும் பயன்படுத்தினால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலமும் சேரும்.

இங்கே 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு நோட்டீஸ் வராது. சங்கத்துக்கும் வராது, சங்கத்தின் பேரில் நிலம் இல்லாதவரை. அப்பா பேரில் இருந்த வீடு, அவர் தவறிப்போய் வருஷக்கணக்காகியும் பெயர் மாற்றாமல் கிடந்தால், கடிதம் இல்லாதவர் பேருக்கு வரும். பிள்ளைகள் சிலாங்கூரில் வேலை பார்க்க, பிறையில் வீடு வாடகைக்குப் போயிருந்தால், குடியிருப்பவர் அந்தக் கடிதத்தைக் கதவுவரிக் கடிதங்களோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். 21 நாள் ஓடிவிடும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பது. அதனால்தான் சொல்கிறேன்: சொத்துப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நில அலுவலகத்திலும் மாநகர் மன்றத்திலும் முகவரியைப் புதுப்பித்து வையுங்கள்.

நல்ல சங்கத்தின் வேலை இந்த 21 நாளில்தான் தெரியும். ஒருவருக்கு நோட்டீஸ் வந்ததும் அவர் அதைப் படமெடுத்துத் தெருக் குழுவில் போடுகிறார். செயலாளர் அதிலுள்ள குறிப்பு எண்ணையும் லாட் எண்ணையும் எழுதிக்கொண்டு, மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் வரைபடத்தைப் பார்க்கக் கேட்கிறார். எத்தனை மாடி, எத்தனை வீடு, வண்டி எந்தப் பக்கம் நுழையும், மழைத்தண்ணீர் எந்தக் கால்வாயில் விழும் என்று குறித்துக்கொண்டு வருகிறார். மற்ற இருவர் வீடு வீடாகப் போய், யார் யாருக்கு நோட்டீஸ் வந்தது, உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். அப்புறம் ஒரு மாலையில் சமூக மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ கூடி, ஒவ்வோர் உரிமையாளரும் தம் பேரில் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, ஒட்டிய நிலத்துக்காரர் பத்துப் பேர் எழுதிய பத்துக் கடிதம் மேல். சட்டம் உரிமை கொடுத்திருப்பது அவர்களுக்குத்தான்.

கடிதத்தில் ஒரு வரியை விட்டுவிடவே கூடாது: 'சாயா மெமொஹோன் உந்துக் டிடெங்கார்', என்னை நேரில் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்பது. ஆட்சேபித்தவர்களில் விசாரணை கேட்டவர்களைத்தான், ஆட்சேபம் கிடைத்த 30 நாளுக்குள், மன்றம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்காதவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகல் பிறகு தேவைப்படும்.

என்ன எழுதுவது? சாலை அகலம், காலை நேரத்து நெரிசல், கால்வாய் கொள்ளளவு, வெள்ளம் வந்த தேதிகளும் படங்களும், மலைச்சரிவு, திறந்தவெளி, கட்டட உயரம், மாநிலம் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுக் கொள்கையைச் சொல்லும் மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தோடு முரண்படும் இடம். இவற்றுக்கு எடை உண்டு. "எங்களுக்குப் பிடிக்கவில்லை", "வீட்டு விலை இறங்கும்" என்பவற்றுக்கு எடை குறைவு. இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வரப்போவது மலிவு விலை வீடோ தொழிலாளர் விடுதியோ என்றால், அங்கே வந்து குடியிருக்கப்போகிறவர்கள் யார் என்பதை வைத்து ஆட்சேபிக்கும் பழக்கம் சில தாமான்களில் இருக்கிறது. தோட்டத்து லயங்களிலும் துறைமுகக் கூலி வரிசை வீடுகளிலும் பிறந்து வந்த நாம் அந்தப் பட்டியலில் சேரக் கூடாது. கால்வாய் போதவில்லையென்றால் கால்வாயைப் பற்றி எழுதுவோம்.

சரி, எல்லாம் சொல்லியும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால்? மாநிலத்தில் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அங்கே போகலாம். ஆனால் 23-ஆவது பிரிவைப் படியுங்கள்: விண்ணப்பதாரரைத் தவிர, 21-ஆவது பிரிவின் கீழ் ஆட்சேபம் கொடுத்தவருக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். முத்திரை வாங்கிய நகலைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான். அன்று கடிதம் எழுதாமல் இருந்துவிட்டு, அடித்தளத்துக்குப் பைலிங் தூண் அடிக்கும் சத்தம் கேட்ட பிறகு வாரியத்துக்கு ஓட முடியாது.

இந்த வழியில் போய் ஜெயித்தவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள். சுங்கை ஆராவில் மலைநிலத்தில் வரவிருந்த வீடமைப்புத் திட்டத்தை எதிர்த்து, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் கழகமும் குடியிருப்பாளர்களும் வாரியத்துக்குப் போனார்கள். 2015-ல் வாரியம் அனுமதியை ரத்து செய்தது. மேம்பாட்டாளர் நீதிமன்றம் போக, வழக்கு பல வருஷம் இழுத்து, கடைசியில் கூட்டரசு நீதிமன்றம் வாரியத்தின் முடிவையே நிலைநாட்டியது. கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தையும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் மாநிலக் கட்டமைப்புத் திட்டம் மலைநிலமாகக் கருதிக் காக்கிறது. அந்தத் திட்டத்தை மன்றம் மீறக் கூடாது என்பதுதான் குடியிருப்பாளர்கள் பிடித்து நின்ற வாதம்.

இனி உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகியிருக்கும் பகுதிகள். அங்கே எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பசுமைக்கு என்று வரைபடத்தில் நிறம் போட்டு முடிவாகியிருக்கும். அதற்கு முரணாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று 22-ஆவது பிரிவு மன்றத்தைக் கட்டிப்போடுகிறது. அது நல்லதுதான். ஆனால் அதற்கேற்ப வரும் விண்ணப்பத்துக்கு, மேலே சொன்ன அக்கம்பக்கத்து நோட்டீஸ் அனுப்பும் கட்டாயம் பொருந்தாது. அதாவது நாம் பேச வேண்டிய நேரம், வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்துக்கு முன்னே தள்ளிப்போய்விடுகிறது. அந்தக் காலம் குறைந்தது நான்கு வாரம். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆகவே சங்கம் திட்டமிடல் பிரிவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டதா என்பதுதான். வந்திருந்தால், உங்கள் கோயில் நிலமும் தமிழ்ப்பள்ளி நிலமும் விளையாட்டுத் திடலும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கோயில் பல வருஷமாக நிற்கும் இடம் வரைபடத்தில் வணிக நிலமாக இருந்தால், பின்னால் வரும் தலைவலி எவ்வளவு பெரியது என்று நம் சமுதாயத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குத் தனி விதி. 2008-ல் உலகப் பாரம்பரிய நகரமான பகுதிக்குள் அது வருகிறது. 2016-ல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் கட்டட உயரத்தை 18 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. கடை முகப்பை மாற்றுவதற்கு முன்பும் மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்களுக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அங்கே சட்டம் 172 இல்லை, 1982-ஆம் ஆண்டின் சட்டம் 267; முடிவெடுப்பவர் டத்தோ பண்டார் எனப்படும் மாநகர் மேயர். ஆனாலும் அங்கே வந்த ஒரு தீர்ப்பு நாடு முழுக்க உள்ள குடியிருப்பாளர்களுக்குப் பயன்படும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017-ல் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டத்தை மதிக்க வேண்டும், அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே திட்டத்தில்தான் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஒரு கட்டடம் இருந்தது. 1980-களிலிருந்து நீண்ட வீடுகளில் காத்திருந்த நம்மவர்கள் அவர்கள். பூங்காவும் வேண்டும், அவர்களுக்கு வீடும் வேண்டும். இரண்டையும் சேர்த்து மேசையில் வைத்துப் பேசும் பொறுப்பு பக்கத்துச் சங்கங்களுக்கும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அனுமதியே இல்லாமல் பக்கத்து வீடு பட்டறையாகிவிட்டதென்றால் வழி வேறு. மன்றத்தின் அமலாக்கப் பிரிவுக்குத் தேதியும் படமும் வைத்துப் புகார் கொடுங்கள். திட்டமிடல் அனுமதியில்லாமல் மேம்பாடு செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொடர்ந்து செய்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடுதல். இது நாம் கட்டும் கோயில் மண்டபத்துக்கும் பொருந்தும் என்பதைக் கோயில் நிர்வாகங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தகவல். அனுமதி விண்ணப்பங்களை அலசும் செயற்குழுக் கூட்டங்களுக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் மாநகர் மன்றத்தின் முழுக் கூட்டம், தனியாகத் தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. சட்டம் 171-ன் 23-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று மன்றச் செயலகத்தில் கேட்டு, சங்கத்திலிருந்து இருவரை அனுப்பி வையுங்கள்.