யாளி வேறு, டிராகன் வேறு

நெருப்பு கக்கும். மலைக்குகையில் தங்கக் குவியலின்மேல் சுருண்டு படுத்திருக்கும். முட்டையிடும். கற்பனை உலகக் கதைகளில் டிராகன் என்று வருமே, அந்தப் பிராணி. அதைத் தமிழில் 'யாளி' என்று எழுதும் வழக்கம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. டப்பிங்கில் யாளி, சப்டைட்டிலில் யாளி. கடைசியாகப் பெரம்பூரில் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்கு யாரோ தமிழில் போட்ட விதிமுறையிலும் 'சிவப்பு யாளி தாக்குகிறது' என்று இருந்தது. இதற்கு மேலும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் 'திராகோன்' என்றால் பெரிய பாம்பு. அது லத்தீனில் 'திராக்கோ' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பார்' என்று பொருள்படும் ஒரு வேரிலிருந்து வந்த சொல், கண் கொட்டாமல் உற்றுப் பார்ப்பது என்பது கருத்து என்பார்கள். அதே வேரின் வடமொழிக் கிளையில்தான் நம் 'தரிசனம்' இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதே பிராணிக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது தேய்ந்து இன்று வெறும் புழுவைக் குறிக்கிறது. எந்தப் பக்கம் தோண்டினாலும் நெளிகிற, ஊர்கிற ஒன்றுதான் அகப்படும்.

சரி, யாளி யார்? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பாருங்கள். பிடரி மயிர், பிதுங்கிய கண், நான்கு கால், பின்னங்காலில் எழும்பி நிற்கும் மிருகம். சிங்க முகம் இருந்தால் சிம்ம யாளி, துதிக்கை இருந்தால் யானை யாளி. சங்க இலக்கியத்தில் இதற்கு ஆளி என்று பெயர், யானைக்கு எமன். பொருநராற்றுப்படையில் இளம் கரிகாலனுக்கு உவமையாக வருவது 'ஆளி நன்மான் அணங்குடைக் குருளை'. தாயிடம் பால் குடிப்பதை இன்னும் விடாத குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதாம். 'முலைக்கோள் விடாஅ' என்றே பாட்டில் இருக்கிறது. ஐயா, பால் குடிக்கிற பிராணி! அதைக் கொண்டுபோய் முட்டையிலிருந்து வெளிவரும், உடம்பெல்லாம் செதில் மூடிய ஒன்றுக்குப் பெயராக வைத்தால் எப்படி? யாளி நெருப்புக் கக்கியதாக நான் படித்ததில்லை. பொன்னைக் காத்ததாகவும் இல்லை.

யாளி அணியினர் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். 'இரண்டும் இல்லாத மிருகம்தானே, இரண்டும் பயங்கரம்தானே, நம் மரபில் இருக்கிற பெயரை வைத்தால் என்ன?' இல்லாத மிருகம் என்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. அப்படிப் பார்த்தால் காமதேனுவையும் டிராகன் என்று சொல்லலாம். இன்னொரு கூட்டம், யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, டைனோசரோடு அழிந்தது என்று வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

யாளி என்ற சொல் இரண்டே எழுத்து, வாய்க்கு இதம், 'யாளிவீரன்' என்று சேர்த்தால் கம்பீரமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் மயங்குவதும் அதில்தான். ஆனால் நாளைக்கு ஒரு பெண் தமிழிலேயே ஒரு கற்பனை உலகத்தை எழுதுகிறாள் என்று வையுங்கள். அங்கே கோட்டை வாசலைத் துதிக்கை உள்ள யாளி காக்க வேண்டும், வானத்தில் டிராகன் பறக்க வேண்டும். பெயரை முன்னமே டிராகனுக்குத் தாரை வார்த்துவிட்டால், வாசலில் நிற்பதை அவள் என்னவென்று கூப்பிடுவாள்?

'பறவைநாகம்' என்று எழுதுகிறவர்கள் பாம்பு என்பதையாவது பிடித்துவிட்டார்கள். ஆனால் சீனத்து டிராகனுக்குப் பொதுவாகச் சிறகு கிடையாது. சிறகில்லாமலே மேகத்தில் நீந்தி மழை கொண்டுவரும். சீனர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. இங்கிருந்து போன பௌத்த நூல்களில் 'நாகம்' என்று வந்த இடங்களில் பெரும்பாலும் தங்கள் டிராகன் சொல்லான 'லோங்' என்பதைப் போட்டார்கள். பௌத்த அறிஞர் நாகார்ஜுனருக்குச் சீனத்தில் 'லோங்ஷு' என்று பெயர். ஷு என்றால் மரம், அர்ஜுனம் என்பது மருத மரம் அல்லவா. அவர்களுக்கு நாகம் டிராகனாகத் தெரிந்திருக்கிறது. நமக்கு டிராகன் நாகமாகத் தெரியக் கூடாதா?

தெரிந்தும் இருக்கிறது. இராயபுரத்தில் எந்தப் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏழு தலையும் பத்துக் கொம்புமாக 'சிவப்பான பெரிய வலுசர்ப்பம்' வருகிறது. மிகாவேலும் தூதர்களும் அந்த வலுசர்ப்பத்தோடு யுத்தம் பண்ணுகிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அதே 'திராகோன்'. அக்கா மகன் விளையாட்டில் மாட்டிக்கொண்டு முழித்த 'சிவப்பு யாளி'க்கு, அவன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஞாயிற்றுக்கிழமைதோறும் சரியான பெயரை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ்கூட வலுசர்ப்பத்தைக் குத்திக் கொன்றவர்தான். (பக்கத்து ஜார்ஜ் டவுன் வேறு ஜார்ஜ். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் வைத்தது. அவர் எதையும் குத்தவில்லை.)

கத்தோலிக்கரின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதை 'அரக்கப் பாம்பு' என்கிறது. நல்ல தமிழ், பார்த்ததும் புரியும். ஆனால் 'அரக்க' என்றதும் கெட்டது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சாத்தானைக் குறிக்கும் இடத்தில் அது பொருந்தும், கற்பனை உலகத்தில் பொருந்தாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பகடை விளையாட்டில்தான் இந்த வகையறா எல்லாம் பெருகியது. அந்த உலகத்தில் சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை, வெள்ளை நிறத்தவை தீயவை. தங்கம், வெள்ளி, வெண்கலம், பித்தளை, செம்பு நல்லவை. பாத்திரக்கடைப் பட்டியல் மாதிரி இருந்தாலும் விதி அதுதான். பித்தளை நிறத்தில் ஒரு நல்ல அரக்கப் பாம்பு என்று எழுதினால் வாசகர் குழம்பிப்போவார். வலுசர்ப்பம் வலிமையை மட்டும் சொல்கிறது, குணத்தை விட்டுவிடுகிறது. இந்த இடத்துக்கு அதுதான் வேண்டும்.

'சர்ப்பம் வடசொல் ஆயிற்றே' என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் குறைபட்டார். அவர் தந்த மாற்று 'வல்லரவு'. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அவர் அனுப்பிய செய்தியையே நான் இரண்டு முறை 'வல்லரசு' என்று படித்தேன். வல்லரசு நெருப்பு கக்கியது என்று யாராவது எழுதினால் அது வேறு விவகாரம். தூய்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் படிக்கிறவருக்குப் புரிவது அதைவிடப் பிடிக்கும். வழக்கில் வேரூன்றிய ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டு யாரும் சொல்லாத ஒன்றை நடுவதில் தமிழுக்கு என்ன லாபம்?

அதற்காக டிராகனை எங்கும் விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. டிராகன் பழம் தள்ளுவண்டிக்கே வந்துவிட்டது. வியாசர்பாடி பாஸ்ட்புட் கடையில் டிராகன் சிக்கன் கிடைக்கிறது. அங்கே போய் 'யாளிச் சிக்கன் அரை பிளேட்' என்று கேட்கும் துணிவு இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு உண்டா?

கோளாறு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கதைகளில் மந்திரம் தெரிந்த, ஊருக்கு நல்லது செய்யும் தாடிக்காரக் கிழவரைச் 'சூனியக்காரர்' என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் கைகலப்பாகிவிடும். உயரமாக, சாவில்லாமல், காட்டில் பாடித் திரியும் 'எல்ஃப்' கூட்டத்துக்குக் 'குட்டிச்சாத்தான்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுவது, ஒட்டியதற்கு 'மரபு' என்று பெயர் சொல்வது. கதையில் அந்தப் பிராணி என்ன செய்கிறது, என்ன தின்கிறது, எப்படிப் பிறக்கிறது என்று ஒரு பக்கம் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

வலுசர்ப்பம் நீளமாயிற்றே, கூட்டுச்சொல்லுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். முதல் முறை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் 'சர்ப்பம்' என்றால் போதும். அதன்மேல் ஏறி ஓட்டுகிறவருக்கு 'சர்ப்பப்பாகன்'. யானைக்கு இருக்கிற பாகன் இதற்கும் இருக்கட்டும். அது குவித்து வைத்துக் காப்பதற்குப் புதையல் என்றே சொல்லலாம், பாம்பு புதையல் காக்கும் என்பது இங்கே எல்லாப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி. முட்டையிலிருந்து வரும் சின்னதுக்கு? தொல்காப்பிய மரபியலில் வழி இருக்கிறது. 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை' என்று சொல்லிவிட்டு, தவழ்பவைக்கும் அதுவே என்கிறது அடுத்த சூத்திரம். நம்முடையது பறக்கவும் செய்யும், தவழவும் செய்யும். 'சர்ப்பப் பார்ப்பு' என்று போடுங்கள். குருளையை யாளிக்கே விட்டுவிடுங்கள்.