உச்சி வெயில்ல தட்டான் ஏன் வாலைத் தூக்குது?

நல்ல வெயில் நேரம், தண்ணி ஓரமா குச்சி நுனியில ஒரு தட்டான் உக்காந்திருந்தா கொஞ்சம் நின்னு பாருங்க, வாலை நேரா வானத்தைப் பாத்து தூக்கிட்டு தலைகீழா நிக்கிற மாதிரியே இருக்கும். நாம வால்னு சொல்றது அதோட வயிறு. அது படுத்தவாக்குல இருந்தா முழு நீளத்துக்கும் வெயில் விழும், சூரியனைப் பாத்து நீட்டிட்டா நுனியில மட்டும்தான் நேரா படும். சந்தேகமா இருந்தா கீழ விழுற நிழலைப் பாருங்க, கோடு மாதிரி இருந்தது பொட்டு மாதிரி சுருங்கியிருக்கும். நிழல் எவ்ளோ சின்னதோ அவ்ளோ கம்மியாத்தான் உடம்புல வெயில் ஏறுது!

பட்டாம்பூச்சிக்கும் இதே கணக்குதான். பறக்கணும்னா மார்புத் தசை சூடாகணும், நிறைய வகைக்கு கிட்டத்தட்ட 30 டிகிரியாவது வேணும், அதனால காலைல ரெக்கையை விரிச்சுப் போட்டு வெயில் காயும். மதியம் அதே பூச்சி ரெக்கையை மூடி, விளிம்பு மட்டும் வெயில் பக்கம் வர்ற மாதிரி திரும்பிக்கும், இல்லன்னா நிழலுக்குப் போயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தேனீதான். கூட்டுல புழு வளர்ற இடம் 35 டிகிரியை ஒட்டியே இருக்கணும், ரொம்ப ஏறினா புழுவுக்கு ஆபத்து. வெயில் காலத்துல குழாயடியில, தொட்டி ஓரத்துல வந்து உக்கார்ற தேனீ பெரும்பாலும் கூட்டுக்குத் தண்ணி எடுக்க வந்ததுதான், கிட்ட போய் பாத்தா உறிஞ்ச உறிஞ்ச வயிறு நீண்டு நீண்டு சுருங்குறது தெரியும். அதை வயித்துல இருக்குற பையில கொண்டு போய் கூட்டுல இருக்குற மத்த தேனீக்கு வாய்வழியா கொடுக்கும், அதுங்க அறைகள்ல மெல்லிசா பூசிவிடும், இன்னும் சில தேனீங்க ரெக்கையால விசிறும், தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும்.

சரி, இன்னும் தண்ணி வேணுமா போதுமான்னு வெளிய போற தேனீக்கு எப்படித் தெரியும்? கூட்டுக்குள்ள நுழைஞ்சதும் மத்ததுங்க ஓடிவந்து சட்டுனு வாங்கிக்கிட்டா அது திரும்பவும் தண்ணிக்குக் கிளம்பும், வாங்க ஆள் இல்லாம ரொம்ப நேரம் காத்துக் கிடந்தா நிறுத்திடும். தண்ணி வைக்கிறவங்க உள்ள நாலு கூழாங்கல்லும் போட்டு வைங்க, கால் ஊன இடம் இல்லன்னா முங்கிடும் பாவம்.