டோக்கியோ விரிகுடா வாயில்: ஃப்ளாஷை மட்டும் நம்பாதீர்கள்

இரவில் டோக்கியோ விரிகுடாவுக்குள் நுழையும் கப்பலின் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில்) நிற்கும் இளம் அதிகாரிகளுக்காக இது. போசோ தீபகற்பத்தின் தென்முனையில் நொஜிமாசாகி கலங்கரை விளக்கம். எதிரே, மியுரா தீபகற்பத்தின் தென்மேற்கில் ஜொகாஷிமா விளக்கு. இடைவெளி ஏறத்தாழ 20 கடல் மைல். இரண்டுமே 15 நொடிக்கு ஒரு வெள்ளை ஃப்ளாஷ்! வடக்கே பசிபிக் கரையிலுள்ள இனுபோசாகியும் அப்படியே. ஆகவே பேரிங் (விளக்கு தெரியும் திசைக்கோணம்), ஆழம், ரேடாரில் விழும் கரை மூன்றும் ஒத்துவந்தால்தான் விளக்கை அடையாளம் கண்டதாகக் கொள்ளலாம்.

முதல் ஃப்ளாஷில் ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குங்கள். 15 நொடி விளக்கில் ‘ஒன்று’ என்று தொடங்கினால் ‘நான்கு’ வரும்போது 45 நொடிதான் ஆகியிருக்கும். அதை நான்கால் வகுத்து, இல்லாத விளக்கை லிஸ்டில் (கலங்கரை விளக்கங்களின் பட்டியலில்) தேடுவீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது மியுராவின் தென்கிழக்கு முனையிலுள்ள சுருகிசாகி விளக்கு. 30 நொடியில் வெள்ளை இரண்டு, பச்சை ஒன்று. பச்சைக்கு வலு குறைவு. மூட்டத்தில் முதலில் மறைவது அதுதான். மிஞ்சும் இரண்டு வெள்ளையைக் கண்டு, விரிகுடாவின் உள்ளே இருக்கும் கன்னோன்சாகி விளக்கு என்று முடிவுகட்டிவிடலாம். அங்கும் இரண்டு வெள்ளைதான், ஆனால் 15 நொடிக்கு ஒருமுறை. ஒரு நிமிடமாவது பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள்.

அடுத்தது தூரம். ஜப்பானிய லிஸ்டில் உள்ள தூரம் கண்மட்டம் 5 மீட்டர் என்று வைத்துப் போட்டது. நொஜிமாசாகி விளக்கின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 38 மீட்டர் (கோபுரத்தின் உயரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). லிஸ்டில் 17 மைல். உங்கள் கண்மட்டம் 20 மீட்டரானால், இரு உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.08 ஆல் பெருக்குங்கள்: 22 மைல். தெளிந்த இரவில் விளக்கு தலைகாட்டியதும் 17 மைல் என்று குறித்தால் ஐந்து மைல் பிழை. உண்மையில் தொடுவானத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சற்றுக் குனியுங்கள், மறைந்தால் ஆமாம். தொடுவானத்துக்கு மேலே வானில் தெரியும் வெறும் வெளிச்சத்தை வைத்து தூரம் போடவே கூடாது.

மூடுபனியில் கலங்கரை விளக்கங்களிலிருந்து ஒலிச் சமிக்ஞையை எதிர்பார்க்காதீர்கள். ஜப்பான் கடலோரக் காவல்படை 2010 மார்ச்சோடு அவற்றை முழுக்க நிறுத்திவிட்டது.

கன்னோன்சாகி 1869 இல் எரியத் தொடங்கிய, ஜப்பானின் முதல் மேற்கத்திய பாணி விளக்கு. இப்போதிருப்பது 1925 இல் எழுந்த மூன்றாவது கோபுரம். அந்தக் கோபுரத்துக்கு எதிரேதான் உராகா வழித்தடம்: 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் அதன் வழியே, 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தைத் தாண்டாமல் போகவேண்டும். பின்னணியில் யோகோசுகாவின் நகர விளக்குகள் குறுக்கிடுவதால், அங்கே ஃப்ளாஷ் எண்ணுவதை வாயிலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.