மேற்கோள்: சொல்லும் பொருளும்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் பேச்சில் 'சைட்டேஷன்', 'ரெஃபரன்ஸ்', 'கோட்' (quote) என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. தமிழில் எழுதும்போது மூன்றுக்கும் மேற்கோள் என்றே போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் இத்தனையும் தாங்காது. அதன் பழைய பொருளைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

மேல் + கோள் = மேற்கோள். கொள் என்னும் வினையின் முதனிலை நீண்டு கோள் ஆகிறது. மேற்கொள்ளுதல் என்றால் ஒன்றைத் தன் பொறுப்பாக ஏற்பது. அப்படி ஏற்றது மேற்கோள். தருக்க நூல்களில் இச்சொல், வாதிடுபவன் தானே நிறுவ எடுத்துக்கொண்ட கருத்தைக் குறித்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் சூத்திரத்தின் கீழ் முதலில் மேற்கோள், பிறகு ஏது (காரணம்), பிறகு எடுத்துக்காட்டு என்று வாதம் படிப்படியாக நடக்கும். அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே முன்வைக்கும் கூற்று. அந்நூலுக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்ட சிவஞான முனிவர் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்.

நன்னூலில் வரும் ஒரு வெண்பா இதைவிடச் சுவையானது. பழைய சூத்திரங்களை நம் நூலில் அப்படியே எடுத்து வைப்பது ஏன் என்று அது காரணம் சொல்கிறது:

முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும்
பொன்னேபோல் போற்றுவம் என்பதற்கும் – முன்னோரின்
வேறுநூல் செய்துமெனும் மேற்கோளில் என்பதற்கும்
கூறுபழஞ் சூத்திரத்தின் கோள்.

முன்னோர் சொன்ன பொருளோடு அவர்கள் சொல்லையும் பொன்போலப் போற்றுகிறோம். அவர்களிடமிருந்து விலகி வேறு நூல் செய்யும் மேற்கோள் நமக்கு இல்லை. இந்த இரண்டையும் காட்டத்தான் பழஞ்சூத்திரத்தை எடுத்து வைக்கிறோம் என்கிறது பாட்டு. பிறர் வாக்கை எடுத்தாள்வதைப் பற்றிய பாட்டிலேயே மேற்கோள் என்பதற்கு 'துணிவு, கொள்கை' என்று பொருள்! எடுத்தாள்வதற்கு வெறும் 'கோள்'தான். உரை இலக்கணத்தில் அதற்கு ஆசிரிய வசனம் என்று தனிப்பெயரும் உண்டு; உரைக்கு நன்னூல் சொல்லும் பதினான்கு உறுப்புகளில் அது கடைசி. இந்த நன்னூலுக்கு விருத்தியுரை (விரிவான உரை) எழுதியவர் திருநெல்வேலி சங்கரநமச்சிவாயர். அதைத் திருத்தியவர் மேலே சொன்ன சிவஞான முனிவர். எடுத்தாளும் முறையை ஆழ்ந்து கற்றுக் கற்பித்த மரபு நம் ஊரிலேயே இருந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

காலப்போக்கில் மேற்கோள் பிறர் வாக்கைக் குறிக்கும் சொல்லாயிற்று. இன்று அந்தப் பொருள் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

சைட்டேஷன் வேறு. இலத்தீனில் அதன் வேருக்கு 'வரவழைத்தல்' என்று பொருள். நீதிமன்றத்துக்கு ஆளை அழைப்பதற்கும் அதே சொல். 'இன்னார், இன்ன நூலில், இன்ன பக்கத்தில்' என்று சாட்சியை நேரில் நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆகவே சான்றுக்குறிப்பு என்பதே பொருத்தம் என்பேன். சான்று என்பதைச் சால் என்னும் வினையடியிலிருந்து வந்ததாகக் கொள்வார்கள்; சான்றோர் என்பதும் அந்த அடியே. அப்படியானால் எடுத்த சொற்கள் மேற்கோள். அவை இருக்கும் இடத்தைக் காட்டுவது சான்றுக்குறிப்பு. சொற்களை எடுக்காமல் கருத்தை மட்டும் தன் நடையில் எழுதினால் அங்கே மேற்கோள் இல்லை, ஆனாலும் சான்றுக்குறிப்பு கட்டாயம் வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

பழைய உரைகாரர்கள் பாட்டின் ஓர் அடியை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார்கள், கேட்பவர்களுக்கு மனப்பாடம். அந்த உரைகளை அச்சிட்ட பதிப்பாசிரியர்கள் ஒவ்வோர் அடியும் எந்த நூலுடையது என்று தேடி அலைய வேண்டியதாயிற்று. நமக்கு மனப்பாடம் இல்லை, அச்சுப் புத்தகம் இருக்கிறது. எனவே பதிப்பையும் பக்கத்தையும் சொல்லியே ஆகவேண்டும்.

பதிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு இடையன்குடி கால்டுவெல்லே போதும். திராவிட மொழிகளுக்கு அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு 1856. அவரே விரித்து எழுதிய இரண்டாம் பதிப்பு 1875. அவர் மறைவுக்குப் பின், 1913-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இரண்டாம் பதிப்பின் சில பகுதிகள் விடப்பட்டன. 'கால்டுவெல் சொல்கிறார்' என்று மட்டும் எழுதினால் எந்தக் கால்டுவெல்? நூலகத்தில் புத்தகம் கையில் இருக்கும்போதே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் பார்த்து ஆசிரியர், பதிப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணை எடுத்த வரியோடு சேர்த்தே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் புத்தகம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

கால்டுவெல் நூலைப் பார்க்காமல், வேறொருவர் எடுத்துக்காட்டிய வரியை நீங்கள் எடுத்தால், அந்த வேறொருவர் நூலைத்தான் சான்றாகக் காட்டவேண்டும்: 'கால்டுவெல் 1875, எடுத்தாண்டவர் இன்னார்' என்று. 'ரெஃபரன்ஸ்' என்று பிள்ளைகள் சொல்வது பார்த்த நூல்கள் எல்லாவற்றின் பட்டியலானால், அதற்குப் பெயர் துணைநூற்பட்டியல். அது கடைசியில் வரும். சான்றுக்குறிப்பு அந்தந்தப் பக்கத்தின் கீழே நின்றால் அதற்கு அடிக்குறிப்பு என்று பெயர்.