குழி தோண்டும் முன் எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்

முதல் மாடித் தளம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முட்டு பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். குளியலறைக்குக் கீழே ஓடும் பீமின் அடிப்பக்கத்தில் பெரிய பள்ளம். கழிவறைக் குழாய்க்காக உளியால் கொத்தியிருந்தார்கள். குறுக்கே நின்ற இரண்டு 16 மில்லி கம்பிகளையும் வெட்டியிருந்தார்கள். பீமின் நடுப்பகுதியில் பாரத்தைத் தாங்குவதே அந்த அடிக்கம்பிகள்தான். எனக்குப் பகீர் என்றது. உடனே திரும்ப முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்: "கழிவு இந்தப் பக்கம்தான் சார் இறங்கணும். வேற வழி எனக்கு யாரும் காட்டல."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பீமைக் கணக்குப் போட்டு வரைந்தவன் நான். குழாய் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியாது, பீம் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாது. வேலை ஆரம்பித்து ஐந்து மாதம் கழித்து, அன்றுதான் நாங்கள் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். பீமைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. வீட்டுக்காரருக்கு அந்தச் செலவும் மன உளைச்சலும் வந்திருக்கவே வேண்டாம். வரைபடத்தை நடுவில் விரித்து, அவரும் நானும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் குழாயை அடுத்த சுவர் ஓரமாகத் திருப்பியிருப்போம். அல்லது பீமையே நகர்த்தியிருப்போம். ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கான இடத்தைத் தூணை விட்டுத் தள்ளி, பீமின் உயரத்தில் நடுவாக்கில் பார்த்து, கம்பி கட்டும்போதே ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறைக்குழாய்) வைத்து, சுற்றிலும் கூடுதல் கம்பி கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு, முன்கூட்டம் நடத்தாமல் எந்த வேலைக்கும் கடைக்கால் தோண்ட நான் சம்மதிப்பதில்லை.

யாரெல்லாம் வர வேண்டும்? வீட்டுக்காரர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஒப்பந்ததாரர் என்று நான்கு பேரோடு பல இடங்களில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் எல்லோரும் வேண்டும். சுவரையும் தளத்தையும் பின்னால் உடைக்கப் போவது இவர்கள்தான். ஆனால் படித்தவர்கள் நாலு பேர் பேசும் இடத்தில் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் நான் ஒவ்வொருவரிடமும் பென்சிலைக் கொடுத்து, "உங்கள் வேலை எங்கே வருகிறது என்று இதில் நீங்களே காட்டுங்கள்" என்று கேட்பேன். பென்சில் கைக்கு வந்துவிட்டால் பேச்சு தானாக வரும்.

குளியலறையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். கழிவறைக் கோப்பையிலிருந்து வெளிச்சுவர் வரை நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு 1 வாட்டம், அதாவது 50 மில்லி நீளத்துக்கு 1 மில்லி சரிவு கொடுத்தால் குழாய் 80 மில்லி இறங்கும். குழாயின் விட்டம் 110. மேலே டைல்ஸும் கலவையும் 50. மொத்தம் 240 மில்லி, டிராப் (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வைத்தால் அதற்கும் மேல். வரைபடத்திலோ குழாய்க்காகக் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தும் அளவு 150 என்று இருக்கும். குளியலறைக்குள் ஒரு படி ஏறிப் போக வேண்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அந்தப் படி இந்தக் கணக்கைப் போடாததால் வந்ததுதான்.

மாடிப்படியிலும் இதே கதை. தளத்துக்குத் தளம் 3 மீட்டர், 150 மில்லி உயரத்தில் 20 படி என்றால் காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது. கான்கிரீட்டும் அதே அளவில் போட்டுவிடுவார்கள். அப்புறம் இரண்டு தளங்களிலும் கலவை, டைல்ஸ் சேர்த்து 75 மில்லி ஏறும், படிகளில் கல் பதித்து 25 மில்லிதான் ஏறும். முடிவில் முதல் படி 100 மில்லி, கடைசிப் படி 200 மில்லி. நம் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிவிடும். பிறகு ஒரு படி மட்டும் மாறினால் தடுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. வரைபடத்தில் எழுதிய லெவல் கான்கிரீட் லெவலா, டைல்ஸ் முடிந்த லெவலா? கூட்டத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஒரே அறையில் இருக்கும் ஆர்க்கிடெக்டும் மேஸ்திரியும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மனதில் இருக்கும் ஆசைகளை எல்லாம் அன்றே சொல்லிவிடுங்கள். மொட்டை மாடியில் தோட்டம் போட வேண்டும் என்று பூச்சு வேலை நடக்கும்போது சொன்னால் நான் கையைப் பிசைய வேண்டியதுதான். ஈர மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,800 கிலோ. 300 மில்லி உயரத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 540 கிலோ. சாதாரண மொட்டை மாடியில் ஆட்கள் நடமாட நாங்கள் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோதான். தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான்: 5,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஐந்து டன். முன்னாலேயே தெரிந்தால் தொட்டியைத் தூண்களுக்கு மேலே வைப்பேன்.

வேலை நடுவில் மாற்றம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அன்றே முடிவாக வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலுக்குள் தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் பாலம், கீழ்ப் பாலம் இரண்டையும் ஒரே நீளக் கம்பியில் கூரையிலிருந்து தொங்கவிடுவதாகத்தான் வடிவமைப்பு. செய்வதற்கு வசதியாக இருக்கும் என்று கம்பியை இரண்டாக்கி, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரு மடங்கானது. அசல் இணைப்பே விதிப்படியான வலுவோடு இல்லை. இந்த மாற்றத்தையும் யாரும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் இவ்வளவு பெரிய பாலம் இல்லைதான். ஆனால் "16 மில்லி கம்பி கிடைக்கல, 12 போட்டுக்கலாமா?" என்று மேஸ்திரி போனில் கேட்க, அவசரத்தில் இருக்கும் ஒருவர் "சரி" என்று சொல்லிவிடுவது தினமும் நடக்கிறது. ஒரு 16 மில்லி கம்பிக்கு ஈடாக ஒரு 12 போட்டால் இரும்பின் பரப்பு கிட்டத்தட்ட பாதிதான்! கம்பியின் அளவையோ எண்ணிக்கையையோ மாற்ற யார் சொன்னால் செல்லும் என்று ஒரே ஒரு பெயரை எழுதிவையுங்கள். சம்மதமும் எழுத்தில்தான் வர வேண்டும். திருத்திய வரைபடம் வந்த அன்றே பழையதைச் சைட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேறு வேறு தேதியிட்ட இரண்டு வரைபடங்கள் ஒரே ஆணியில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

மணல் எங்கே கொட்டுவது, கம்பியை எங்கே அடுக்குவது, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்பதெல்லாம் பத்து நிமிடப் பேச்சு. குழியின் பாதுகாப்பு அப்படியல்ல. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்க மண்ணுக்கு யார் முட்டுக் கொடுப்பது, தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொட்டுவது, பக்கத்துச் சுவரின் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மண் சரிந்தால் உள்ளே இருப்பவருக்கு வெளியே வர நேரம் கிடைக்காது. பொறுப்பாளர் இன்னார் என்று முடிவாகாமல் அந்தக் கூட்டத்தை முடிக்காதீர்கள்.

பேசியதை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். முடிவாகாத விஷயங்களைத் தனியாக எழுதி, யார், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வார் என்று பக்கத்திலேயே குறியுங்கள். தளம் போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை கூட வேண்டும். இந்த முறை சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் தற்காலிகத் தட்டு) பலகை மேலேயே நின்றுகொண்டு பேசலாம். எலக்ட்ரீஷியன் பைப்பும் பிளம்பரின் ஸ்லீவும் அவரவர் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் கான்கிரீட்டுக்குத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.