பையைப் பிரிக்கும் அந்த ஐந்து நிமிடம்

நானோ நிரப்பி, அதாவது மிக மிக நுண்ணிய தூள், கலந்த பிளாஸ்டிக் தயாரிக்கும் இடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் எக்ஸ்ட்ரூடரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். 230 டிகிரி சூடு, சுழலும் இரட்டைத் திருகு. பயம் நியாயம்தான். எனக்கோ கவலையெல்லாம் அதற்கு முன்னால் வரும் ஐந்து நிமிடம்: பையைப் பிரித்து, தூளை எடை போட்டு, எக்ஸ்ட்ரூடரின் வாய்ப்புனலான ஹாப்பரில் கொட்டும் நேரம்.

இந்த நிரப்பிகளில் ஒன்றான கார்பன் நானோகுழாய்த் தூள் ஒரு கிலோ என்றால் தலையணை அளவுக்குப் புடைத்திருக்கும். கரண்டியை வெடுக்கென்று எடுத்தாலே போதும், புகைபோல எழும்பும். ஒருமுறை தராசைச் சுற்றித் துடைத்த துணி கறுத்தது, அதில் வியப்பில்லை. அறையின் மறுகோடியில், யாருமே தூளைத் தொடாத மேசையைத் துடைத்தபோதும் துணி கறுத்ததே, அன்றுதான் எனக்குச் சுருக்கென்றது.

இந்தத் தூளுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, வேலை செய்பவர் சுவாசிக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். எல்லா நானோ தூளும் இவ்வளவு பொல்லாதது அல்ல. நானோ களிமண்ணை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆனால் துகள் சிறுத்தால் கணக்கு மாறும். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அதே நியோஷ் 2011-இல் சொன்னது: சாதாரணத் தூளுக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3. பொருள் ஒன்றுதான்.

உருகிய பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் தூள் பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால் முடிந்தவரை, தூளை முன்பே பிளாஸ்டிக்கில் கலந்து தரும் மாஸ்டர்பேட்ச் குருணையாகவே வாங்குங்கள். விலை கூடுதல் என்று முணுமுணுப்பார்கள். ஆனால் தூளை நேராகக் கொட்டி, அது சரியாகப் பிரியாமல் கட்டி கட்டியாக நின்று, வார்த்த பாகம் அந்தக் கட்டியிலேயே விரிசல் விட்டால் அதற்கும் செலவுதானே?

“நானோ துகள் எந்த மாஸ்க்கிலும் புகுந்துவிடும், போட்டு என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. தவறு. மிக நுண்ணிய துகள் காற்றில் தாறுமாறாக அலைவதால் வடிகட்டியின் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஓட்டை இருப்பது மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவில்; தாடி இருந்தால் இன்னும் மோசம். துணி மாஸ்க்கை நம்பாதீர்கள். மாஸ்க்கும் கடைசி அரண்தான். தூசிக் காற்றை இழுக்கும் உறிஞ்சி பொருத்திய மூடிய பெட்டிக்குள் தூளை வைத்துக் கையாள்வதே முதல் வேலை.

சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கம்ப்ரஸர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணி போதும். காலிப் பையை உதறி மடிப்பது நம் கைப்பழக்கம். உறிஞ்சிக்கு அடியிலேயே சுருட்டி, இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.